இதயத்தைச் சுற்றி நின்ற பால்

டாக்டர் ஊசியை என் மனைவியின் நெஞ்சுக்குழியில், விலா முடிகிற இடத்துக்குக் கீழே வைத்து, மேல்நோக்கிச் செலுத்தினார். காய்ச்சலுக்குப் போடுகிற ஊசி அல்ல அது. சாக்குத் தைக்கிற கோணி ஊசியின் நீளம் இருந்தது. அவளைத் தலையணைகளில் பாதி உட்கார்ந்த மாதிரி சாய்த்திருந்தார்கள். படுக்க வைத்தால் மூச்சு நின்றுவிடும் நிலை. கைகளை நர்ஸ் பிடித்துக்கொண்டாள். கால்களை நான் பிடித்துக்கொண்டேன். அவள் உதைத்தாள். உதைக்கிற அளவுக்கு உயிர் இருக்கிறதே என்று நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஊசிக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக் குழலில் ரத்தம் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் மஞ்சள் நீர் வரும் என்றும் சொல்லியிருந்தார். வந்தது பால்.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு அரைக்கிற எந்திரத்தில் வேலை பார்த்தவன் நான். அரைத்த கிழங்கிலிருந்து பிழிந்த பால் வாய்க்காலில் ஓடித் தொட்டியில் விழும். பத்து வருடம் தினமும் அதைப் பார்த்தவன். அதே வெள்ளை. அது என் மனைவியின் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது. டாக்டரும் இதை எதிர்பார்க்கவில்லை என்பது அவர் கை ஒரு கணம் நின்றதில் தெரிந்தது.

கதவோரம் மச்சான் நின்றிருந்தார். என் மனைவிக்கு அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் அவளை வளர்த்து எனக்குக் கட்டிக்கொடுத்தவர். திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி வைத்திருந்தார். லாரியில் பூட்டிய எந்திரத்தோடு ஆந்திரா, கர்நாடகம் என்று போய்ப் பாறையைத் துளைத்து ஆழ்குழாய்க் கிணறு போட்டுவிட்டு வருவார். எந்திரச் சத்தத்தில் பாதிக் காது போனவர். எப்போதும் கத்தித்தான் பேசுவார். பேச்சு வருவதற்கு முன்னால் கை வந்துவிடும்.

"என்ற தங்கச்சி நெஞ்சுக்குள்ள என்னத்தடா ஊத்தி வெச்சுத் தெச்சே?"

கேட்டுக்கொண்டே வந்து டாக்டரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். டாக்டர் திமிறவில்லை. "ஊசி உள்ளே இருக்கு, ஊசி உள்ளே இருக்கு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். ஒரு கையில் ஊசியை அசையாமல் பிடித்திருந்தார். அவர் கை ஓர் அங்குலம் நகர்ந்தால் அவள் இதயம் கிழிந்துவிடும். நான் கால்களை விட்டுவிட்டு எழுந்து மச்சானைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசியதே கிடையாது. கால்களைப் பிடித்தபடியே இருந்தேன். வார்டு ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். போகிறபோது மருந்து அலமாரியின் கண்ணாடியில் ஒரு குத்து விட்டார். சில்லுகள் கட்டில் வரைக்கும் தெறித்தன.

இது எண்பதுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது. எனக்கு அப்போது முப்பது வயது. அவளுக்கு இருபத்தைந்து. சின்ன வயதில் அவளுக்கு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வருமாம். அது இதயத்துக்குள் இருக்கிற ஒரு வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. குழந்தை செத்தே பிறந்தது. அப்போதுதான் வால்வு விஷயம் வெளியே வந்தது. அறுத்துத்தான் சரி செய்ய வேண்டும் என்றார்கள். செய்தார்கள். இடது மார்புக்குக் கீழே ஆரம்பித்து முதுகு வரைக்கும் ஒரு கிழிசல். விலா எலும்புகளை இரும்புக் கருவி வைத்து விரித்து, உள்ளே விரலை விட்டு வால்வைப் பிளந்தார்களாம். பதினைந்து நாளில் அனுப்பினார்கள், மச்சான் வீட்டில்தான் வைத்துப் பார்த்தார்கள். மூச்சு நன்றாக வந்தது. நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

உடம்பில் கத்தி பட்டவருக்கு எங்கள் பக்கத்தில் என்ன கொடுப்பார்களோ அதையெல்லாம் மாமியார் கொடுத்தார். மச்சான் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கோழிப்பண்ணை உண்டு. விரிசல் விட்ட முட்டைகள் வீட்டுக்கு வரும். காலையில் ஒரு பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, முட்டை ஓட்டின் அளவுக்கு நல்லெண்ணெய் ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கச் சொல்வார்கள். மதியம் ஆட்டு ஈரல். பொழுதோடு ஆட்டுக்கால் ரசம், மேலே ஒரு விரல் உயரத்துக்குக் கொழுப்பு நிற்கும். சோற்றில் குழி பறித்து நெய் ஊற்றுவார்கள். இதில் ஒன்று குறைந்தாலும் பெண்ணைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசும். மூன்று வாரத்தில் அவள் முகம் ஊதியது. கழுத்து நரம்புகள் கயிறு மாதிரி எழும்பி நின்றன. உதடு நீலம் பூத்தது. அதனால்தான் மறுபடியும் கோயமுத்தூருக்கு ஓடினோம்.

ஊசியில் வடித்து முடித்து, ஒரு ரப்பர் குழாயை நெஞ்சில் சொருகி வைத்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். காலர் கிழிந்து தொங்கியது. மச்சானைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். அதனால் என்னிடம் மட்டும்தான் பேசினார். மலையாளி. நன்றாகத் தமிழ் பேசுவார், நடுவில் அவர் பாஷையும் வரும்.

"நாம சாப்பிடற கொழுப்பு இருக்கே, அது குடலிலேர்ந்து பால் மாதிரி ஆகி ஒரு சின்னக் குழாய் வழியா மேலே ஏறும். அந்தக் குழாய் நெஞ்சுக்குள்ளே தான் போகுது. இவங்களுக்கு அது எங்கேயோ பொத்துப்போச்சு. எங்க கத்தி பட்டுதா, தானே பொத்துதா, எனக்குச் சொல்லத் தெரியல்லை. இதயத்தைச் சுத்தி ஒரு பை உண்டு. பால் அதிலே வந்து நிறையுது. பை நிறைஞ்சா இதயத்துக்கு விரிய இடமில்லை. இது ரொம்ப அபூர்வம். நான் புஸ்தகத்திலே மாத்திரம் கண்டிருக்கேன்."

பிறகு வீட்டில் என்ன சாப்பிடக் கொடுத்தோம் என்று கேட்டார். நான் முட்டையிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒண்ணும் வேண்டா. நெய், கறி, முட்டை, பால், கடலை, ஒண்ணும். எண்ணெ ஒரு சொட்டு கூடாது. ஆறு வாரம். தேங்காயெண்ணெ மாத்திரம் ஒரு நாளைக்கு ரெண்டு கரண்டி கொடுக்கலாம். அது அந்தக் குழாய் வழியா அதிகம் போகாது. பால் ஓடாம இருந்தா ஓட்டை தானா மூடும். மூடலைன்னா திரும்பத் திறக்கணும். இந்த இதயம் ரெண்டாவது தடவை தாங்குமான்னு என்னாலே உறுதி சொல்ல முடியாது."

எனக்குப் புரிந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் தொட்டி, வாய்க்கால், ஓட்டை இதெல்லாம் என் வேலை. அவள் வாய்க்குள் போகிற ஒரு சொட்டு எண்ணெயும் அவள் இதயத்தின் மேல்தான் வந்து விழும் என்று எனக்கு அப்போதே படமாகத் தெரிந்துவிட்டது.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் மச்சான் கைவிரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணி முழுக்க ரத்தம்.

"என்றா மாப்ள சொன்னான் அந்த டாக்டரு?"

"எண்ணெ ஆகாதாமுங்க மச்சான்."

"முறுக்குச் சுட்டு ஆரு குடுக்கப் போறா? அப்பறம்?"

"அவ்வளவுதானுங்க."

இதுதான் நான் செய்த தவறு. டாக்டர் கால்மணி நேரம் சொன்னதை நான் இரண்டு வார்த்தையில் முடித்தேன். ஒரு டீக்கடையில் பத்துப் பேருக்கு நடுவில், பாதிக் காது கேட்காத ஒருவரிடம், மனைவியின் மார்பைப் பற்றியும் பாலைப் பற்றியும் உரக்கச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். மாமியாருக்கோ வேறு கணக்கு. செத்துப் பிறந்த குழந்தைக்குச் சுரந்த பால் குடிக்க ஆளில்லாமல் உள்ளே திரும்பி இதயத்தில் கட்டிக்கொண்டது என்று நம்பினார். பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது வழக்கம். ஆஸ்பத்திரிக்கே இரண்டு முழம் கொண்டுவந்து, நர்ஸ் இல்லாத நேரம் பார்த்துக் கட்டிவிட்டார். "அப்பவே கட்டியிருந்தா இந்தக் கத்தியே வேண்டாமுங்க மாப்பிள்ளை" என்றார். அவரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்துக் குழாயைப் பிடுங்கிவிட்டு அனுப்பினார்கள். இந்த முறை அவளை என் வீட்டுக்கே கூட்டிவந்தேன். ஆலைக்குப் போவதை நிறுத்திவிட்டு நானே சமைத்தேன். ஜவ்வரிசிக் கஞ்சி, தாளிக்காத ரசம், வெண்ணெய் எடுத்த மோர், தேங்காயெண்ணெயில் வதக்கிய பீர்க்கங்காய். எங்கள் பக்கம் கடலெண்ணெயும் நல்லெண்ணெயும்தான் சமையலுக்கு. தேங்காயெண்ணெய் தலைக்கு. பக்கத்து வீட்டுப் பெண்கள் குழாயடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளும் முதலில் சிரித்தாள்.

"ஏனுங்க, நாளைக்குச் சீயக்காய் போட்டுக் கொழம்பு வெச்சுருவீங்களா?"

இரண்டாவது வாரம் சிரிப்பு நின்றது. பசி அவளைக் கடித்தது. வயிறு நிறையச் சோறு தின்றாலும் போகாத பசி. ஒருநாள் தட்டை என் முகத்தில் எறிந்தாள். விளிம்பு பட்டுப் புருவம் கிழிந்தது. நான் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வேறு தட்டில் போட்டு வைத்தேன். இன்னொரு நாள் நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறபோது, பக்கத்து வீட்டில் வாங்கிய வறுத்த கடலையை வாய் நிறையப் போட்டு மென்றுகொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கண்ணாடிக் குழல்தான் தெரிந்தது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடி அவள் தாடையைப் பிடித்தேன். திறக்கவில்லை. கன்னத்தில் அறைந்தேன். திறந்தாள். இரண்டு விரலை விட்டுக் கடலையை வழித்து வெளியே எடுத்தேன். என் விரலை எலும்பு தெரியக் கடித்தாள். தொண்டைக்குள்ளும் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தேன். நெஞ்சுத் தையலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்து வாந்தி எடுத்தாள்.

கல்யாணமான ஆறு வருடத்தில் அவளை நான் கை நீட்டி அடித்தது அதுதான் முதல் முறை. அவள் உயிருக்காகத்தான் அடித்தேன் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். பாதிதான் அது. முகத்தில் தட்டு விழுந்த கோபமும் அந்த அறையில் இருந்தது. அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. கொடுத்ததைத் தின்றாள்.

மூன்றாவது வாரம் முடியும்போது மச்சான் வந்தார். கூடவே மாமியார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தோள் எலும்பு ரவிக்கைக்குள் குத்திக்கொண்டு நின்றது. கை மணிக்கட்டில் வளையல் நிற்காமல் முழங்கை வரைக்கும் ஓடியது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். மச்சான் அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு சட்டியாகத் திறந்து பார்த்தார்.

"ஏன்டா, புள்ளைக்கு இதத்தான் போடறயா? தலைக்கு வெக்கற எண்ணெயிலயாடா ஆக்கிப் போடறே?"

"டாக்டரு சொன்னாருங்க."

"எந்த டாக்டருடா எலும்பும் தோலுமா ஆக்கச் சொன்னான்? இவ போனா இன்னொருத்தியக் கட்டிக்கலாம்னு பாக்கறயா?"

எண்ணெய்ப் புட்டியை எடுத்து என் தலையில் கவிழ்த்தார். "தலைக்கு வெக்கறதத் தலைக்கு வெய்யி" என்றார். எண்ணெய் கண்ணில் வழிந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாவது வாயில். பல் ஒன்று உடைந்து நாக்கின் மேல் வந்து நின்றது. வெளியே இழுத்துக்கொண்டு போய் வாசலில் போட்டு மிதித்தார். குழாயடியில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். சொல்லவில்லை. மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு போய்க் காரில் ஏறினாள். என் பக்கம் திரும்பவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

மூன்று நாள் நான் போகவில்லை. வாய் வீங்கியிருந்தது என்பது ஒரு காரணம். பயம் என்பதுதான் காரணம். சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும்போதெல்லாம், இந்நேரம் அங்கே அவளுக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று தோன்றும். வாய்க்காலில் வெள்ளையாக ஏறும். விழும். நிறையும். நாலாம் நாள் காலையில் பஸ் ஏறினேன்.

மச்சான் வீட்டு வேப்பமரத்தில் வெள்ளாட்டுக் கிடாய் ஒன்றின் தோல் தொங்கியது. அதிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கோழிப்பண்ணைக்கு முன்னால் கல் கூட்டிய அடுப்பில் அலுமினியப் போசி நிறைய எலும்பு கொதித்தது. அவளைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிண்ணத்தை அவள் வாயில் வைத்திருந்தார். அவள் தலையைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். நாலு நாளில் அவளுக்கே தெரிந்துவிட்டது. முகம் பழையபடி ஊதியிருந்தது.

"போதுமுங்ணா. மூச்சு வாங்குது."

"பலம் வந்தா மூச்சு நிக்கும். இன்னொரு வாய் குடி சாமி. என் கண்ணல்ல."

அவள் தாடையை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் ஒரு கன்னத்தில், மற்ற விரல்கள் மறு கன்னத்தில். நானும் அப்படித்தான் பிடித்திருந்தேன்.

"மச்சான், குடுக்காதீங்க" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. அருகே போய் மறுபடியும் சொன்னேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "வந்துட்டானா, சீயக்காய்க்காரன்? அம்மா, இவனுக்கும் ஒரு கிண்ணம் ஊத்துங்க. தின்னுட்டுப் போகட்டும்."

நான் அடுப்பை நோக்கிப் போனேன். தோளில் கிடந்த துண்டைப் போசியின் விளிம்பில் சுற்றிப் பிடித்தேன். கீழே கொட்டத்தான் தூக்கினேன். அப்படித்தான் இன்றுவரைக்கும் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். மச்சான் எழுந்து என்னைப் பார்த்து வந்தார். அவர் வருவதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அவர் மேல் வீசினேன்.

இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் விழுந்தது. வேட்டி தோலோடு ஒட்டிக்கொண்டது. அவர் கத்திய சத்தத்தில் பண்ணைக் கோழிகள் எல்லாம் கூண்டுக் கம்பியில் மோதிக்கொண்டு அலறின. வெந்த காலோடு வந்து என் கழுத்தைப் பிடித்தார். கல்தூணில் என் பின்மண்டையை மூன்று முறை மோதினார். நான் அவர் முன்கையில் பல்லைப் பதித்தேன். உடைந்த பல்லின் கூர் உள்ளே இறங்கியது. என் வாயில் அவர் ரத்தமா என் ரத்தமா என்று தெரியவில்லை. முதல் முறையாக அவர் காதுக்குள் கத்தினேன்.

"கொழுப்பெல்லாம் அவ இதயத்து மேல போய் நிக்குது. அதுதானுங்க அந்தப் பாலு. நீங்கதான் அவளக் கொல்றீங்க."

அவர் பிடி தளரவில்லை. மாமியாரின் குரல்தான் தளர்த்தியது. "அடப் பாவிகளா, புள்ளையப் பாருங்கடா" என்றார்.

அவள் கட்டிலில் முன்பக்கம் குனிந்து விழுந்திருந்தாள். கழுத்து நரம்பு விரல் தடிமனுக்கு நின்றது. உதடு கத்தரிக்காய் நிறம்.

மச்சானின் அம்பாசிடர் காரில் ஏற்றினோம். அவர்தான் ஓட்டினார். வேட்டியைக் காலிலிருந்து பிரித்தெடுத்தபோது தோலும் கூட வந்தது. கழற்றி எறிந்துவிட்டு டவுசரோடு உட்கார்ந்தார். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் ஒரு சத்தம் போடுவார். ஈரோடு, பெருந்துறை, அவிநாசி. எதிரே வந்த பஸ் ஒன்று எங்களுக்காகச் சாலையை விட்டு இறங்கியது. பின்சீட்டில் அவளை என் மார்பில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டேன். அவள் மூச்சு என் புறங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. அது நின்றால் எனக்குத்தான் முதலில் தெரியும். வழி முழுக்க யாரும் யாரையும் திட்டவில்லை.

அதே டாக்டர். அதே ஊசி. மச்சானைப் பார்த்ததும் வார்டு ஆட்கள் வந்து நின்றார்கள். "வேண்டா, நிக்கட்டும். அவர் பார்க்கட்டும்" என்றார் டாக்டர். போன தடவையைவிடக் கெட்டியாக வந்தது. வர வர அவள் உதட்டின் நிறம் திரும்பியது. வடித்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஜன்னலில் வைத்தார்கள். மச்சானின் காலுக்கு மருந்து போட்டு முடிக்கிறபோது டாக்டர் அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். மேலே ஒரு விரல் உயரத்துக்கு ஆடை கட்டி நின்றது.

"இது என்னன்னு பாருங்க."

மச்சான் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார்.

"இது நான் குடுத்ததுங்களா?"

"நீங்க கொடுத்தது தான்."

அவர் பாட்டிலை மெதுவாக மேஜையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அத்தனை பேருக்கு முன்னாலும் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"தெரிஞ்சிருந்தும் ஏன்டா சொல்லல? டீக்கடையில கேட்டனல்லடா. அவ்வளவுதானுங்கன்னு சொன்னயேடா."

மற்ற அடிகளுக்கெல்லாம் எனக்குக் கோபம் உண்டு. அந்த அடிக்கு இல்லை. கால் எப்படி வெந்தது என்று நர்ஸ் கேட்டபோது, போசி கை தவறிவிட்டது என்று அவரே சொல்லிவிட்டார்.

இந்த முறை ஓட்டை மூடவில்லை. குழாயில் பால் வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் குறையும், மறுநாள் கூடும். பன்னிரண்டாம் நாள் டாக்டர் வந்து, திறக்க வேண்டும், வேறு வழியில்லை, வலது பக்கம் கிழித்து அந்தக் குழாயைத் தேடிக் கட்ட வேண்டும் என்றார். தாங்குமா என்று நான் கேட்டேன். தெரியாது என்றார்.

ஆபரேஷன் அன்று அதிகாலை நர்ஸ் ஒரு டம்ளர் நிறையப் பாலேடு கொண்டுவந்து அவளைக் குடிக்கச் சொன்னாள். மச்சான் எழுந்து டம்ளருக்கு முன்னால் கையை நீட்டித் தடுத்தார். நானும் எழுந்து மறுபக்கம் நின்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் நர்ஸ் மேல் வந்த கோபம் ஒன்றேதான்.

"ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதுங்க அம்மிணி. எடுத்துட்டுப் போயிருங்க. அப்பறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றார் மச்சான்.

டாக்டரே வர வேண்டியிருந்தது. வயிற்றுக்குள் கொழுப்பு போய்ப் பால் ஊறி ஓடினால்தான், உள்ளே திறந்து பார்க்கும்போது ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியும் என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் எங்கள் இரண்டு பேரின் கைகளுக்கும் நடுவில் தன் கையை நீட்டி டம்ளரை வாங்கினாள். நிறுத்தாமல் குடித்தாள். உதட்டை நாக்கால் துழாவினாள்.

"இதுல கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாம்" என்றாள் நர்ஸிடம்.

பிறகு தள்ளுவண்டியில் போனாள். ஐந்து மணி நேரம். மச்சான் ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். நான் எழுந்துபோய்ச் சுவருக்கும் அவர் நெற்றிக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைத்தேன். அவர் முட்டுவதை நிறுத்தவில்லை. என் கை வலித்தது. எடுக்கவும் தோன்றவில்லை.

இதயம் தாங்கியது. ஓட்டையை நூலால் கட்டியாயிற்று என்று டாக்டர் வந்து சொன்னபோது மச்சான் அவர் காலைத் தொடக் குனிந்தார். அடிக்கத்தான் குனிகிறார் என்று நினைத்து டாக்டர் ஓரடி பின்னால் போனார்.

அதன்பிறகு ஆறு வாரப் பத்தியம். அதை நடத்தியது மச்சான். ரிக்கை ஆட்களிடம் விட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே வந்து கிடந்தார். மாமியார் ஒருநாள் மனசு கேட்காமல் சோற்றுக்கு அடியில் நெய்யை மறைத்துக் கொண்டுவந்தபோது, பெற்ற தாய் என்றும் பார்க்காமல் கையைத் தட்டிவிட்டார். தட்டு போய்ச் சுவரில் மோதி நெளிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களிடம், "கடலை கிடலைன்னு ஆராச்சும் குடுத்தீங்க, ஊட்டையே பிரிச்சுப்போடுவேன்" என்று போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் நான் காவல். மாற்றி மாற்றி அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு இடப்பக்கம் ஒரு தழும்பு, வலப்பக்கம் ஒரு தழும்பு. இரண்டு கன்னத்திலும் எங்கள் விரல் பதிந்த இடம் வெளியே தெரியாது.

கடைசியாகப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பையில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை, இனி எல்லாம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு மச்சான் ஈரல் வாங்கிக்கொண்டு வந்தார். நான் நெய் வாங்கிவைத்திருந்தேன். மச்சான் வறுத்தார். நான் சோற்றை வடித்தேன். தட்டில் போட்டு, ஒரு துண்டு ஈரலை எடுத்து ஊதி ஆறவைத்து, "ஆக் காட்டு சாமி" என்று மச்சான் நீட்டினார். "கொஞ்சமாக் குடுங்க மச்சான், மொத நாளுங்க" என்று நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

அவள் எங்கள் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் எந்திரிச்சு அக்கட்ட போங்க."

"ஒரு வாய் அம்மிணி..."

"போங்கண்ணா. நீங்களும்தானுங்க. எந்திரிங்க. எனக்குப் பசிக்கறப்ப நானே எடுத்துப் போட்டுத் திங்கறேன். இல்லாட்டித் திங்காமக் கெடக்கறேன். இனி என்ற வாயில ஆரு கையாச்சும் பட்டுது, கடிச்சுத் துப்பிப்போடுவேன்."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். மச்சானின் பாதிக் காதுக்கு அது எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. துண்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். நானும் எழுந்தேன். நாங்கள் வெளியே வந்ததும் அவள் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

வாசலில் நின்றோம். மச்சான் வெந்த காலை மாற்றி மாற்றி ஊன்றினார். சற்று நேரம் கழித்து உள்ளே தட்டு நகர்கிற சத்தம் கேட்டது. ஈரலைத் தின்றாளா, வெறும் சோற்றைத் தின்றாளா, எவ்வளவு தின்றாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.